மருத்துவ, செவிலிய மாணவர்களின் நலம் காக்க: கல்லூரியும் விடுதியும் வார்டும் செய்ய வேண்டியவை

மருத்துவக் கல்லூரியிலோ செவிலியர் கல்லூரியிலோ ஆசிரியராக, விடுதிக் காப்பாளராக, வார்டின் பொறுப்புச் செவிலியராக, மூத்த மாணவராக இருப்பவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் அளித்த அறிக்கைக்காக 25,590 இளநிலை மருத்துவ மாணவர்கள் இணையவழிக் கேள்விகளுக்குப் பதிலளித்தனர். அவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்தனர்; 16.2 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் தமக்கு வந்ததாகக் கூறினர். தாமாக முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு இது என்பதால், இதை எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும், வகுப்பில் நம் முன்னே அமர்ந்திருப்பவர்களில் சிலராவது இந்த நிலையில் இருக்கக்கூடும் என்று எண்ணி நடந்துகொள்வதற்கு இந்த எண்களே போதும். அதே வார்டில், அதே நோயாளிகளின் அருகில், பெரும்பாலும் அவர்களைவிட நீண்ட நேரம் நிற்கும் செவிலிய மாணவிகளை அந்தக் கணக்கெடுப்பு உள்ளடக்கவில்லை. எனவே இங்கே கூறப்படும் ஒவ்வொன்றையும் இரு தரப்பாருக்கும் சேர்த்தே படிக்குமாறு வேண்டுகிறேன்.

உதவுபவரும் மதிப்பெண் போடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது

மனநல மருத்துவரும் மருந்தும் ஒரே வளாகத்துக்குள் இருக்கும் இடத்தில் படிப்பவர், வேறெந்தக் கல்லூரி மாணவரைவிடவும் எளிதாக உதவி பெறுவார் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவார். நடைமுறையில் அந்த வளாகமே அவருக்குத் தடையாகிறது. மனநலப் புறநோயாளி பிரிவில் ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் அவருடைய வகுப்புத் தோழர் பயிற்சிப் பணியில் நிற்கிறார். உள்ளே அமர்ந்திருக்கும் பேராசிரியர் நாளை அவருக்கு வைவா எனும் வாய்மொழித் தேர்வு நடத்தக்கூடியவர். மருந்து கொடுக்கும் சாளரத்தில் இருப்பவருக்கு அவருடைய விடுதி அறை எண்கூடத் தெரியும். தம் பெயருக்கு எதிரே ஒரு நோயின் பெயர் எழுதப்பட்டுவிட்டால் அது இன்டர்னல் எனப்படும் உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணையும் பின்னாளில் வேலையையும் தொட்டுவிடும் என்ற அச்சத்தில் அவர் வாய் திறப்பதில்லை. கல்லூரி முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். இது சரியாகாதவரை யோகா நாள், விழிப்புணர்வுப் பேரணி, சுவரொட்டி எதுவும் அந்த மாணவரைச் சென்றடையாது.

இதற்கான ஏற்பாடு அரிதானதன்று. 100 மாணவர்களும் அதற்கு மேலும் படிக்கும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த தீர்ப்பில் வழிகாட்டியுள்ளது. அவ்வாறு நியமிக்கப்படுபவர் எந்தத் துறைத் தலைவருக்கும் அன்றாடம் அறிக்கை தராதவராக, தேர்வுக் குழுவிலோ ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலோ இடம்பெறாதவராக இருப்பது கட்டாயம். அவருடைய அறை முதல்வர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கலாகாது. நூலகத்துக்கு அருகிலோ உடற்பயிற்சிக் கூடத்துக்கு அருகிலோ, ஒருவர் அங்கே போவதற்கு வேறு பல காரணங்கள் இருக்கக்கூடிய இடத்தில் இருப்பது நல்லது. மாலை 5 மணிக்கு மேலும் அவர் இருக்க வேண்டும், ஏனெனில் மாணவர்கள் வார்டிலிருந்து விடுபடும் நேரமே அதுதான். மருந்து தேவைப்படும் மாணவரைத் தம் கல்லூரியின் துறைக்கே அனுப்பாமல், அருகிலுள்ள வேறொரு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்புவதற்கு இரு நிறுவனங்களும் எழுத்துமூலமாக உடன்பாடு செய்துகொள்ளலாம்.

எவை இரகசியமாக இருக்கும், எவை இருக்காது என்பதை முதலாண்டின் முதல் வாரத்திலேயே ஒரு பக்கத்துத் தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள். மனநலச் சிகிச்சை குறித்த விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதன் 23ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. மாணவரும் சிகிச்சைக்கு வந்தவுடன் அந்த உரிமை உள்ளவரே. உயிருக்கு ஆபத்து இருக்கும்போது மட்டும், அதுவும் தேவையான ஓரிருவரிடம் மட்டும், அந்த மாணவருக்குத் தெரியப்படுத்திய பின் பேசப்படும் என்பதையும் அதே தாளில் ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். அந்தத் தாளின் கீழே இரண்டு எண்களை அச்சிடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண் நாள் முழுவதும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இரண்டும் கல்லூரிக்கு வெளியே உள்ளவை என்பதே, வளாகத்துக்குள் யாரிடமும் பேச அஞ்சும் மாணவருக்கு அவற்றின் பெரும் பயன்.

உறக்கம், உணவு, கால அட்டவணை

நலம் குறித்துப் பேசும் கூட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது கால அட்டவணை. மருத்துவமனையில் பயிற்சியோடு பணிசெய்யும் உறைவிட மருத்துவர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணி தரலாகாது, வாரத்துக்கு 48 மணி நேரமே இயல்பான பணி என்று மத்திய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம் 1992லேயே கூறியது. மேலே குறிப்பிட்ட பணிக்குழு 2024இல், வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும், நாளொன்றுக்கு 7 முதல் 8 மணி நேர உறக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பரிந்துரை முன்னையதைவிடத் தளர்வாக இருப்பதே, மருத்துவமனைகளில் வேலைச்சுமை எங்கே போய் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. துறைத் தலைவர் ஒருவர் அரசாணைக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை உள்ளன. இரவுப் பணி முடித்தவரைக் காலையில் மருத்துவர்கள் படுக்கைதோறும் சென்று பார்க்கும் ரவுண்ட்ஸ் முடியும்வரை நிறுத்திவைக்காமல், பணி ஒப்படைப்பு முடிந்தவுடன் அனுப்பிவிடலாம். பணிப்பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே ஒட்டிவிட்டால், ஊருக்குப் போகும் பேருந்துக்கு முன்பதிவு செய்ய முடியும் என்ற சிறிய நிம்மதி எல்லாருக்கும் கிடைக்கும். காஷுவாலிட்டி எனும் அவசரப் பிரிவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் படுப்பதற்கு, உள்ளே தாழிடக்கூடிய, பெண்களுக்குத் தனியான ஓர் அறை இருந்தே ஆக வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் முதுநிலை மருத்துவ மாணவி ஒருவர் இரவுப் பணியின்போது ஓய்வெடுக்கச் சென்ற கருத்தரங்கக் கூடத்தில் கொல்லப்பட்ட பிறகும், அப்படி ஓர் அறை இல்லாத துறைகள் இருப்பது பொறுக்கத்தக்கதன்று.

செவிலிய மாணவிகளின் அட்டவணை இதனினும் கடினமானது. பி.எஸ்சி. நர்சிங் தேர்வெழுத 80 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். பட்டம் பெறுமுன் செய்முறைப் பயிற்சி நேரத்தை 100 விழுக்காடு முடித்திருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டால் அந்த நாள்களைப் பின்னர் ஈடுகட்டியே தீர வேண்டும் என்பதால், உடம்பு முடியாத நிலையிலும் வார்டுக்கு வருபவர்கள் உண்டு. விதியை ஒரு கல்லூரி மாற்ற முடியாது. ஈடுகட்டும் நாள்களை எவ்வாறு தருவது என்பது கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. விடுபட்ட பயிற்சியைச் செமஸ்டரின் இறுதியில் ஒட்டுமொத்தமாகக் குவித்துத் தண்டனைபோல வைக்காமல், அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு நாளாகப் பிரித்துக் கொடுங்கள். இரவுப் பயிற்சி முடிந்த காலையில் வகுப்போ வகுப்புத் தேர்வோ வைக்காதீர்கள். வார்டில் ஆள் பற்றாக்குறை என்பதற்காக மாணவியைப் பணியாளரின் இடத்தில் நிறுத்தி, நோயாளிப் பராமரிப்புத் திட்டமான கேர் பிளானையும் பயிற்சிப் பதிவேடான ரெக்கார்டையும் நள்ளிரவில் விடுதியில் எழுதும்படி விட்டுவிடுவது கல்வியும் அன்று, உதவியும் அன்று.

சாப்பாடும் கழிப்பறையும் இதே கணக்கில் சேர்ந்தவையே. காலை 7 மணிக்கு வார்டில் இருக்க வேண்டியவளுக்கு 7.30 மணிக்கு மெஸ் திறந்து பயனில்லை. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதற்காக நாள் முழுவதும் நாவறண்டு நின்று, சிறுநீர்த் தொற்றுடன் விடுதிக்குத் திரும்பும் மாணவிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தளத்திலும் மாணவிகள் பயன்படுத்தக்கூடிய ஒரு கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும், சானிட்டரி நாப்கின் எங்கே கிடைக்கும் என்பதையும் முதல் நாள் வார்டைச் சுற்றிக் காட்டும்போதே கூறிவிட்டால், அவர்கள் கூச்சப்பட்டுத் தவிக்க நேராது.

முதலாண்டின் முதல் ஆறு மாதங்கள்

தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில், பலர் தமிழ் வழியில் படித்து, தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை ‘தொடை எலும்பு’ என்று படித்தவர், வந்த முதல் வாரத்திலேயே அந்த எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இலத்தீன் பெயர்களை ஆங்கிலத்தில் விவரிக்க வேண்டியிருக்கிறது. அறிவில் எக்குறையும் இல்லாதவர், சொல் வராததால் வைவாவில் தலைகுனிந்து நிற்கிறார். அந்த மௌனத்தைப் படிக்காமைக்குச் சான்றாக ஆசிரியர் எடுத்துக்கொண்டால் அங்கிருந்தே சரிவு தொடங்கிவிடுகிறது.

முதல் ஆறு மாதங்களில் உள்மதிப்பீட்டு வாய்மொழித் தேர்வுகளில் கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் கூறி, விளக்கத்தைத் தமிழில் சொல்ல அனுமதியுங்கள்; இறுதித் தேர்வு நெருங்கும்போது மெல்ல ஆங்கிலத்துக்கு நகர்த்துங்கள். சென்ற ஆண்டு அதே இடத்திலிருந்து கரையேறிய மூத்த மாணவர் ஒருவரை இருவர் அல்லது மூவருக்குத் துணையாக அமர்த்துவது, பேராசிரியரின் சிறப்பு வகுப்பைவிடப் பல வேளைகளில் நன்கு பயன்படும். ஆனால் அவர்களைத் தனி வகுப்பாகப் பிரித்து உட்கார வைக்காதீர்கள். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரிப்பதையும் பிறர் முன் இழிவுபடுத்துவதையும் தவிர்க்குமாறு உச்ச நீதிமன்றத்தின் 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பும் கூறுகிறது. ‘நீட்டில் எவ்வளவு?’, ‘எந்தக் கோட்டா?’ என்ற கேள்விகள் வகுப்பறையிலும் ரவுண்ட்ஸிலும் எழவே கூடாது. அவை சாதியையும் வறுமையையும் கேட்கும் வேறு வழிகள் என்பதைக் கேட்பவரும் அறிவார், நிற்பவரும் அறிவார்.

எம்.பி.பி.எஸ். முதலாண்டுத் தேர்வை எழுத நான்கு வாய்ப்புகளே உள்ளன என்பது மாணவர்களை இரவில் உறங்கவிடாத விதிகளில் ஒன்று. முதல் இன்டர்னலில் தவறியவரை அழைத்து இந்த விதியை நினைவூட்டி அச்சுறுத்துவதற்குப் பதிலாக, எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில், எழுத்திலா வாய்மொழியிலா இடறுகிறார் என்பதை அரை மணி நேரம் அமர்ந்து பிரித்துப் பாருங்கள். ‘நன்றாகப் படி’ என்ற அறிவுரையைக் கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையின் நரம்புகளை மட்டும் முடித்துவிட்டு வா, நான் கேட்கிறேன்’ என்பதைக் கொண்டு செய்ய முடியும்.

வார்டில் திருத்துவது எப்படி

தவறு செய்யும் மாணவரைத் திருத்தாமல் விடக் கூடாது. நோயாளியின் உயிர் அதில் இருக்கிறது. நோயாளிக்கு ஊறு நேரும் தறுவாயில் அந்த நொடியே தடுத்து நிறுத்துங்கள். விளக்கத்தையும் கண்டிப்பையும் நோயாளியின் படுக்கையிலிருந்து விலகி, பிறர் கேட்காத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் உறவினர் முன்னே ‘உன்னையெல்லாம் யார் இங்கே சேர்த்தது’ என்று கேட்கப்பட்ட மாணவியிடம், அந்தக் குடும்பம் அதன் பிறகு எதையும் நம்பி ஒப்படைக்காது. அவளும் அடுத்த முறை தவறு நேர்ந்தால் மறைத்துவிடவே கற்றுக்கொள்வாள். மருந்தின் அளவைத் தவறாக எடுத்துவிட்டு, செலுத்துமுன் தானாகவே வந்து சொன்ன மாணவிக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். மறைக்கப்படும் தவறு எத்தனை பெரிய கேடு என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த நன்றியின் பெறுமதி விளங்கும்.

மருத்துவ மாணவரை ‘டாக்டர்’ என்றும் அதே வயதுச் செவிலிய மாணவியை ‘ஏம்மா, இங்க வா’ என்றும் அழைக்கும் வழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. இருவரையும் பெயர் சொல்லி அழையுங்கள். ரவுண்ட்ஸின்போது இரவெல்லாம் நோயாளியின் அருகே இருந்த செவிலிய மாணவியிடம் ‘இரவு எப்படி இருந்தார்?’ என்று ஒரு கேள்வி கேட்பது, நோயாளிக்கும் பயன்படும், அவளுடைய நிமிர்வுக்கும் பயன்படும்.

முதல் மரணம், ஊசிக் குத்து

தான் கவனித்துவந்த நோயாளி முதன்முறையாக இறக்கும்போது மாணவர் பெரும்பாலும் அடுத்த படுக்கைக்கு அனுப்பப்படுகிறார். அன்றே, பணி முடியுமுன், பத்து நிமிடம் ஒதுக்கி என்ன நடந்தது, எது நம் கையில் இருந்தது, எது இல்லை என்று மூத்தவர் ஒருவர் கூறிவிட்டால், தம்மால்தான் இறந்தார் என்ற தவறான குற்றவுணர்வு பல மாதங்கள் உள்ளே கிடந்து அரிக்காது. குழந்தை இறந்த நாளிலும், பிரசவத்தில் தாய் இறந்த நாளிலும் இதைத் தவறவிடாதீர்கள். டிசெக்‌ஷன் ஹாலின், அதாவது உடற்கூறு பயிலும் கூடத்தின், முதல் நாளுக்கும் இது பொருந்தும். மயங்கி விழுந்தவரைக் கேலி செய்ய யாரையும் அனுமதிக்காமல், உடலைத் தானமளித்தவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூறித் தொடங்குவது நன்று.

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தம்மைக் குத்திவிட்டால் மாணவர் செய்ய வேண்டியதை ஒவ்வொரு வார்டிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும்; எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் வார்டில் நுழையுமுன்னரே முடிந்திருக்குமாறு கல்லூரி பார்த்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவு 2 மணிக்கு ஊசி குத்தினால் மருந்து எங்கே இருக்கிறது, யாரை எழுப்ப வேண்டும் என்பதற்கு விடை இல்லாத அறிவிப்பு வீண். அந்த 28 நாள்களில் குமட்டலும் அச்சமும் சேர்ந்து வாட்டும் என்பதால் இரவுப் பணியைக் குறைத்து, முடிவுகள் வரும்வரை ஒரே ஆசிரியர் தொடர்ந்து விசாரித்துவருவது நல்லது.

ராகிங்

1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்தே தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. இப்போது ராகிங் பெரும்பாலும் நள்ளிரவு வாட்ஸ்அப் கட்டளைகளாகவும், மூத்தவர்களின் ரெக்கார்டை எழுதித் தரும் வேலையாகவும், ‘பழகிக்கொள்ளத்தானே’ என்ற பெயரில் வருகிறது. முதலாண்டு விடுதியைத் தனியாக வையுங்கள். காப்பாளர் இரவு 11 மணிக்கு மேல் முன்னறிவிப்பின்றி ஒருமுறை நடந்து வரட்டும். 1800-180-5522 என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் இலவச எண்ணில் புகார் அளிக்கலாம் என்பதை மாணவரிடமும் பெற்றோரிடமும் சேர்ப்பியுங்கள்.

துவண்டிருக்கும் மாணவரிடம் பேசுதல்

வழக்கமாக முன்வரிசையில் இருப்பவர் பின்வரிசைக்குப் போவது, மெஸ்ஸுக்கு வராமல் இருப்பது, இரண்டு மூன்று நாள் ஒரே உடையில் வருவது, தம் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, நெடுநாள் கலக்கத்துக்குப் பின் காரணமின்றித் திடீரென அமைதியாகிவிடுவது ஆகியவற்றைக் கண்டால் அன்றே பேசுங்கள். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பின், நின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்து, ‘நாலு நாளா முகமே சரியில்லையேம்மா, தூங்கினியா?’ என்று தொடங்கினால் போதும். பதில் வர நேரமாகும். அந்த இடைவெளியை அறிவுரையால் நிரப்பாதீர்கள். ‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அப்போது வேண்டாம்.

ஐயம் இருந்தால் நேராகவே கேளுங்கள்: ‘இந்த வேதனையில செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?’ அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். ‘ஆம்’ என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். நம்பும் ஒருவர் உடனிருக்க, மருந்துகளையும் ஆபத்தான பொருள்களையும் அறையிலிருந்து அகற்றிவிட்டு, அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; இரவானால் 14416ஐ அழைத்து, அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கு மருந்துகள் எளிதில் கிடைக்கும் என்பதால் இந்த அவசரம் மற்ற கல்லூரிகளைவிட இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் முதலில் கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. எனவே காவல்துறைக்கும் வழக்குக்கும் அஞ்சி யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பெற்றோரை அழைப்பதற்கு முன் மாணவரிடமே யாரை அழைக்கலாம் என்று கேளுங்கள். அப்பாவைவிட அக்காவோ மாமாவோ முதலில் வருவது சிலருக்குப் பாதுகாப்பு. வரும் பெற்றோர் பலர், கடன் வாங்கியும் நிலத்தை விற்றும் அனுப்பிய பிள்ளை ‘படிப்பை விட்டுவிடுமோ’ என்ற பதற்றத்தில்தான் வந்து நிற்பார்கள். அவர்களிடம் முதலில் கூற வேண்டியது, விடுப்பு எடுத்தால் இடம் பறிபோகாது என்பதையும், எத்தனை நாள் விடுப்புக்கு எந்த விதி இருக்கிறது என்பதையும்தான். அந்த விவரத்தைக் கல்லூரி அலுவலகம் எழுத்தில் தரட்டும்.

மாணவர் திரும்பி வரும் நாளுக்கு முன்னரே மூன்றை முடிவு செய்துவிடுங்கள்: விடுபட்ட வருகைப்பதிவை எந்தெந்த வாரங்களில் ஈடுகட்டுவது, முதல் மாதம் இரவுப் பணி உண்டா இல்லையா, விடுதியில் யாருடன் அறை. வகுப்புத் தோழர்களிடம் எதைக் கூறலாம் என்பதை அந்த மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். ‘உடம்பு சரியில்லாமல் இருந்தேன்’ என்பதே அவர் தேர்வானால், ஆசிரியர்கள் அனைவரும் அதற்கு மேல் ஒரு சொல்லும் கூறாதிருக்க வேண்டும். ஆற்றுப்படுத்துநரைச் சந்திக்கும் நேரத்தை அட்டவணையில் ‘நூலகம்’ என்று குறித்துவிட்டால், வருகைப்பதிவேட்டைப் பார்ப்பவருக்கு எந்தக் கேள்வியும் எழாது.